முதியோர் சொத்தும் ஒரு கையெழுத்தும்

(நம் சங்கத்தின் திருப்பதி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. சித்தூர் கூட்டத்தில் சிலர் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களும் சேர்த்து எழுதப்பட்டது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் அல்ல. இதே திருப்பதியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஆந்திர அரசின் ட்ரெஷரி இலாகாவில் 35 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சித்தூர், பலமநேர், புத்தூர், திருப்பதி என்று மாறி மாறி உட்கார்ந்து பென்ஷன் பில் பாஸ் செய்திருக்கிறேன். அதனால் சட்டப் புத்தகத்தைவிட, வயதானவர்கள் பணம் வாங்கும்போது அவர்கள் கையையும் முகத்தையும் பார்த்த அனுபவம்தான் எனக்கு அதிகம்.

அந்தக் காலத்தில் பென்ஷன் நேரில் வந்து வாங்குவார்கள். மாதத்தின் முதல் வாரம் ட்ரெஷரி வாசலில் திருவிழாக் கூட்டம். பெரியவரைக் கைத்தாங்கலாகப் பிள்ளை அழைத்து வருவான். பார்க்கவே நன்றாக இருக்கும். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே போனதும், வேப்பமரத்தடியில் முழுப் பணமும் பிள்ளையின் சட்டைப் பைக்குப் போகும். பெரியவர் கையில் காபிக்கு ஒரு ஐந்து ரூபாய். இன்னும் சிலருடைய பென்ஷன் புத்தகமே வட்டிக்காரரிடம் அடகில் இருக்கும். அந்த ஆசாமியே புத்தகத்தோடு கூட வந்து நிற்பார். 1871-ஆம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் என்று ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. இனிமேல் வரவேண்டிய பென்ஷனை யாருக்கும் எழுதிக் கொடுத்தால் செல்லாது என்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது என்றுதானே அர்த்தம்! இப்போது புத்தகத்துக்குப் பதில் ஏ.டி.எம். கார்டு அடகில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதியோரை ஏமாற்றுவது என்றதும் நமக்கு யாரோ போனில் பேசும் திருடன்தான் ஞாபகம் வருகிறான். அவனைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த வரையில் பெரிய நஷ்டம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே, காபி டம்ளருக்குப் பக்கத்தில், பிரியத்தோடு போட்ட கையெழுத்தால் வந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஜூன் 15-ஐ இதற்கென்றே ஒரு விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கிறது. நம்மவர்களில் யாரும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஏனென்றால் நாம் சொல்லவே மாட்டோம். "நாலு பேர் என்ன நினைப்பா?" என்பதுதான் நம் வீடுகளுக்குப் பெரிய பூட்டு.

சித்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. பெயரும் தெருவும் வேண்டாம். அவர் ஹைஸ்கூல் வாத்தியார், கணக்குப் பாடம். பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு. ஒரே பிள்ளை ஹைதராபாதில் சொந்தமாகத் தொழில் செய்தான். மாடி கட்ட லோன் போடுகிறேன், வீடு என் பெயரில் இருந்தால் சௌகரியம் என்றான். வாத்தியார் ஒரே நாளில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். மாமியை நான் கேட்டேன்: "உங்களிடம் சொல்லவில்லையா?" மாமி சொன்னது: "அவன் கேட்டான், இவர் போட்டார். நான் உள்ளே காபி கலந்துண்டு இருந்தேன்."

மாடி எழும்பவில்லை. லோன் தொழிலுக்குப் போயிற்று. 2020-இல் கொரோனா ஊரடங்கில் தொழில் படுத்தது. கொஞ்ச நாளில் வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். 80 வயதை நெருங்கும் மனுஷர் தன் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று படிக்கிறார். "இதில் என் பெயரே இல்லையே" என்றாராம். இருக்காது. வீடுதான் அவருடையது இல்லையே.

அந்தப் பிள்ளை கெட்டவனா? இல்லை. அதுதான் இதில் உள்ள சங்கடம். தீபாவளிக்கு வேஷ்டி புடவை வாங்கி வருகிற பிள்ளைதான். அப்பா சொத்து, நம் சொத்து என்று இரண்டுக்கும் நடுவில் கோடு போடத் தெரியாதவன். கோடு போடவேண்டியவர் கணக்கு வாத்தியார், அவரும் போடவில்லை.

இங்கே கொஞ்சம் என் கெமிஸ்ட்ரியைக் கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வினைகளில் இரண்டு விதம் உண்டு. ஐஸ் உருகினால் திரும்ப உறைய வைக்கலாம். விறகு எரிந்து சாம்பலானால் விறகாக்க முடியாது. உயில் முதல் ரகம். உயிரோடு இருக்கும் வரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம். முத்திரைத்தாள் வேண்டாம், ரிஜிஸ்தர் செய்வதும் கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கண்முன் கையெழுத்துப் போட்டால் போதும். செட்டில்மென்ட் என்றும் கிஃப்ட் டீடு என்றும் சொல்கிறோமே, அது இரண்டாவது ரகம். எழுதி, ரிஜிஸ்தர் ஆகி, வாங்கிக்கொள்பவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் "மனசு மாறிவிட்டது, ரத்து செய்கிறேன்" என்று நாமாக ஒரு பத்திரம் எழுதினால் அது செல்லாது.

ஆயுள் வரை நானே குடியிருப்பேன் என்று எழுதினால் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று சித்தூரில் ஒருவர் கேட்டார். பாதி காப்பு. நம் ஆந்திரத்திலிருந்தே சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கு ஒன்று 2014-இல் தீர்ப்பானது. ஓர் அம்மாள் தன் சொத்தைத் தானமாக எழுதி ரிஜிஸ்தர் செய்தார். ஆயுள் உள்ள வரை அனுபவமும் வாடகையும் தனக்கே என்று அதில் எழுதி வைத்துக்கொண்டார். பிற்பாடு அந்தத் தானத்தை ரத்து செய்து இன்னொரு பத்திரம் எழுதினார். மூன்று நீதிபதிகள் அமர்வு என்ன சொன்னது? அனுபவ உரிமை உங்களிடம் இருந்தாலும் தானம் தானம்தான். ரத்துப் பத்திரம் செல்லாது. ஆக, குடியிருக்கலாம், திரும்ப வாங்க முடியாது.

சரி, கொடுத்தாயிற்று, பிள்ளை கவனிக்கவில்லை. வழியே இல்லையா? ஒரு வழி உண்டு. 2007-இல் பார்லிமென்ட் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். அதில் 23-ஆவது பிரிவு. இந்த எண்ணை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 60 வயதானவர், தமக்கு அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாமல் போனால், அந்தப் பத்திரமே மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகக் கருதி, கொடுத்தவர் விரும்பினால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது. தீர்ப்பாயம் என்றால் பெரிய கோர்ட் என்று பயப்பட வேண்டாம். நம் பக்கம் ஆர்.டி.ஓ.தான் அதற்குத் தலைவர். வக்கீல் வைக்காமல் நாமே மனு கொடுக்கலாம்.

இந்தச் சட்டத்தின் சூட்சுமம் முழுவதும் "நிபந்தனையோடு" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. நம் வாத்தியார் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எல்லைகள், சதுர கஜம், கதவு எண் எல்லாம் இருக்கிறது. எதற்காகக் கொடுக்கிறார் என்ற இடத்தில் "பிரேமாபிமானங்களால்" என்று ஒரே ஒரு வார்த்தை. சோறு போட வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆகும்? 2022 டிசம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், பெற்றவர்கள் பிரியத்தால் சொத்து கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது என்று நாமாக நினைத்துக்கொள்ள முடியாது, நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் எந்தத் தாயார் பிள்ளையிடம் "எழுதிக் கொடு, எனக்கு மாத்திரை வாங்கித் தருவாயா?" என்று கேட்பாள்? கேட்க வாய் வராது.

அப்புறம் 2025 ஜனவரி 2 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. மத்தியப் பிரதேசம் சத்தர்பூரைச் சேர்ந்த ஒரு தாயார். 1968-இல் வாங்கிய சொத்தை 2019 செப்டம்பரில் பிள்ளைக்குத் தானமாக எழுதினார். அதே சமயத்தில் பிள்ளையிடம் தனிக் காகிதத்தில் ஒரு வாக்குறுதிப் பத்திரமும் வாங்கி வைத்தார். அம்மா அப்பாவைக் கடைசி வரை கவனிப்பேன், தவறினால் தானப் பத்திரத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று. ஒரு வருஷம் கழித்து, கவனிக்கவில்லை, இன்னும் சொத்து கேட்டு அடிக்கிறான் என்று அந்த அம்மாள் மனு போட்டார். சப்-டிவிஷன் அதிகாரி அவர் பக்கம், கலெக்டர் அவர் பக்கம், ஹைகோர்ட்டில் தனி நீதிபதியும் அவர் பக்கம். இரண்டு நீதிபதிகள் அமர்வு மட்டும், தானப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதவில்லையே என்று மாற்றிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் சி.டி. ரவிகுமார், சஞ்சய் கரோல் இரண்டு காகிதத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், இது முதியோருக்கு உதவ வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றார்கள். தானம் ரத்து. 2025 பிப்ரவரி 28-க்குள் சொத்தைத் தாயார் கையில் ஒப்படைக்க உத்தரவு. வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதில் தெளிவானது.

அந்த அம்மாள் சாமர்த்தியசாலி என்று நான் சொல்வேன். பிரியத்தையும் விடவில்லை, காகிதத்தையும் விடவில்லை.

2025 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் இன்னும் ஒரு படி மேலே போய், நாகப்பட்டினம் பக்கத்து மூதாட்டி ஒருவர் வழக்கில், பத்திரத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டாலும் அன்பும் ஆதரவும்தான் நிபந்தனை என்று எடுத்துக்கொள்ளலாம் என்றது. நம்மில் பாதிப் பேர் மெட்ராஸ் பேப்பர்தான் படிக்கிறோம். படித்துவிட்டு "இனி கவலை இல்லை" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். அது தமிழ்நாட்டு ஹைகோர்ட். நமக்கு ஹைகோர்ட் அமராவதியில் இருக்கிறது. சென்னைத் தீர்ப்பை இங்கே எடுத்துக் காட்டலாம். அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று இல்லை. திருத்தணி 1960-இல் அந்தப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் இருந்தோம். சட்டமும் அதே கோட்டில்தான் நிற்கும்.

கோடு என்றதும் இன்னொரு விஷயம். சித்தூர் ஜில்லா 1911-இல் உண்டாகும் வரை இந்த ஊரில் பெரும்பகுதி வட ஆற்காடுதான். நம் வீடுகளில் தமிழ். கடைத்தெருவில் தெலுங்கு சரளமாகப் பேசுவோம். ஆனால் என் வயதுக்காரர்களில் எத்தனை பேர், முக்கியமாக மாமிகளில் எத்தனை பேர், தெலுங்கில் நெருக்கி அடித்த பத்துப் பக்கப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்வோம்? எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்போம். பத்திரம் எழுதுபவர் தெலுங்கில் எழுதுகிறார், சப்-ரிஜிஸ்திரார் "இஷ்டப்பட்டுத்தானே போடுகிறீர்கள்?" என்று கேட்கிறார், நாம் தலையாட்டிவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போடுகிறோம். உடம்பு முடியாதவர்களுக்கு அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திராமலே வீடு போய்விடும் வசதியும் அதுதான். எனவே வாங்கிக்கொள்ளப் போகிறவரைத் தவிர்த்து, சம்பந்தமில்லாத ஒருவரை விட்டு முழுப் பத்திரத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முதல் நாளே. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு அல்ல.

திருப்பதியில் இப்போது இதைவிடப் பெரிய பத்திரம் ஒன்று நடமாடுகிறது. மாட வீதிப் பக்கமும் கொர்லகுண்டா பக்கமும் பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்து அபார்ட்மென்ட் கட்டுவது. அதற்கு எழுதுவது டெவலப்மென்ட் அக்ரிமென்ட்டும் பவர் பத்திரமும் சேர்ந்த ஒன்று. கையெழுத்து பெரியவருடையது. நம் பங்குக்கு வரும் ஃப்ளாட்டுகள் யார் பெயருக்கு வருகின்றன என்பதைக் கவனியுங்கள். "அப்பாவுக்கு எதற்கு, அலைய முடியாது" என்று நேராகப் பிள்ளைகள் பெயருக்கே போய்விடும். இடித்த வீட்டுக்கு உரியவர் கட்டிய வீட்டில் விருந்தாளி. உங்கள் ஆயுளுக்கு ஒரு ஃப்ளாட் உங்கள் பெயரில் இருக்கட்டும். பவர் பத்திரமும் அப்படியே; வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கோ அண்ணன் பையனுக்கோ பொதுப் பவர் கொடுத்தால், என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம் என்று எழுத வேண்டும். வாடகை வாங்கக் கொடுக்கும் பவரில் "விற்கவும்" என்ற சொல் எதற்கு?

வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் சொத்துக்கு ஈ.சி. எடுத்துப் பாருங்கள். இப்போது பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பேத்தியிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவாள்.

வாத்தியார் கதையை முடிக்கவில்லை. அவரும் மாமியும் மனு கொடுக்க இரண்டு வருஷம் யோசித்தார்கள். "என் பிள்ளை மேல நானே மனு கொடுக்கறதா? பெருமாள் ஒத்துப்பாரா?" என்பார் மாமி. கடைசியில் நான் கூடப் போனேன். மனு இரண்டு பக்கம்தான். பத்திரத்தில் நிபந்தனை இல்லை, அதனால் ரத்து கேட்பதோடு ஜீவனாம்சமும் சேர்த்துக் கேட்டோம். அதற்கு 5-ஆவது பிரிவு. அதற்கு சொத்து கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் என்று 2007 சட்டம் ஒரு வரம்பு வைத்தது. நாம் இருக்கும் ஜில்லாவிலேயே மனு போடலாம்; பிள்ளை ஹைதராபாதிலோ பெங்களூரிலோ இருந்தாலும் இங்கே வர வேண்டும். நோட்டீஸ் கொடுத்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். முதலில் சமரசம் பேச ஓர் அதிகாரியிடம் அனுப்பவும் வழி உண்டு.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரமே பிள்ளை வந்துவிட்டான். அதிகாரி முன்னால் அவன் அழுதான். மாமியும் அழுதார். வாத்தியார் மட்டும் அழவில்லை, "லோன் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா. ஹைதராபாதில் இருந்த மனையை விற்று வங்கிக் கடனை அடைப்பது, வீட்டை அம்மா பெயருக்கே திரும்ப எழுதிக் கொடுப்பது என்று சமரசம் ஆயிற்று. எழுதியும் கொடுத்தான். அன்றைக்கு வாத்தியார் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். மாமி இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளையும் மாதம் ஒரு முறை வந்து போகிறான். மனு கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். இங்கே மனு கொடுக்காத இரண்டு வருஷத்தில்தான் அவன் வராமல் இருந்தான்.

பிள்ளை இல்லாதவர்களும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். உங்கள் சொத்தை அனுபவிப்பவரோ, உங்களுக்குப் பின் வாரிசாக வரக்கூடியவரோ யாரோ அந்த உறவினரிடம் நீங்களும் இதே சட்டப்படி பராமரிப்பு கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இந்தச் சட்டத்தை மாட்டுப்பெண்ணை வெளியேற்றும் ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2020 டிசம்பரில் பெங்களூர் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் அதைத் தடுத்திருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டப்படி அவளுக்குள்ள குடியிருப்பு உரிமையை இந்தச் சட்டத்தின் அவசர விசாரணையால் தட்டிப் பறிக்க முடியாது. அது நியாயமும்கூட.

பி.எஸ்ஸி.யில் எங்களுக்கு இங்கிலீஷ் பாடமும் உண்டு. ஷேக்ஸ்பியரின் லியர் ராஜா கதை தெரிந்திருக்கும். ராஜ்யத்தை இரண்டு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நூறு வீரர்களோடு மாதம் மாறி மாறி உங்கள் வீட்டில் இருப்பேன் என்றார். நூறு ஐம்பதாயிற்று, ஐம்பது இருபத்தைந்தாயிற்று, கடைசியில் ஒருவர்தான் எதற்கு என்றார்கள். அன்றைக்கு எங்கள் லெக்சரர் அதைப் பெண்களின் நன்றிகெட்டதனம் என்று நடத்தினார். ட்ரெஷரியில் உட்கார்ந்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றிற்று. நிபந்தனை வாய்வார்த்தையாக இருந்தது. ராஜ்யம் மட்டும் உடனே கைமாறிவிட்டது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கில் எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறது? பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் பிள்ளை நம்பர். பணம் எடுத்தால் செய்தி அவனுக்குப் போகிறது, உங்களுக்கு இல்லை. எடுப்பவனுக்கே தகவலும் போகிறது! முதல் வேலையாக உங்கள் நம்பரைப் பதிவு செய்யுங்கள். ஜாயின்ட் கணக்கில் "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று இருந்தால் யார் வேண்டுமானாலும் முழுவதையும் எடுக்கலாம். "முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று இருந்தால் முதலாமவர் இருக்கும் வரை அவர்தான் எடுக்க முடியும். ஃபாரத்தில் ஒரு டிக் வித்தியாசம். குடும்பப் பென்ஷன் வாங்கும் மாமிகள் ஏ.டி.எம். கார்டையும் நான்கு எண்ணையும் ஒரே கவரில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள்.

போன் திருடனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். போலீஸ், சி.பி.ஐ., கஸ்டம்ஸ் என்று சொல்லி வீடியோவில் யூனிஃபாரத்தோடு வருவான். "டிஜிட்டல் அரெஸ்ட், அறையை விட்டு நகராதே, யாரிடமும் சொல்லாதே" என்பான். இப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். ஹரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த வயதான தம்பதியிடம் சுப்ரீம் கோர்ட் உத்தரவு என்று போலிக் காகிதத்தைக் காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கறந்துவிட்டார்கள். அவர்கள் கோர்ட்டுக்கு எழுதியதன் பேரில் 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்து, டிசம்பர் 1 அன்று சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. படித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறோம் என்பது என் அபிப்பிராயம். ஆபீசில் 35 வருஷம் மேலிடத்து உத்தரவு என்றால் எழுந்து நின்று பழகிவிட்டோம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசிக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கணக்கு கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் வழியில் எங்காவது நிறுத்திப் பிடிக்க முடியும். வீட்டுக்குள் நடப்பதற்கு முதியோர் உதவி எண் 14567.

சித்தூர் கூட்டத்தில் ஒரு மாமி கேட்டார்: "இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை. பிள்ளை இப்போதே எழுதிக் கேட்கிறான். இல்லை என்றால் முகம் வாடிப் போகிறது. நான் என்ன செய்ய?" உயில் எழுதுங்கள் என்றேன். அதற்கும் முகம் வாடுகிறது என்றால், செட்டில்மென்டிலேயே சாப்பாடு, வைத்தியம், குடியிருப்பு மூன்றையும் நிபந்தனையாக எழுதி, தவறினால் ரத்து என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள் என்றேன். அப்படி எழுதியிருந்தால், பின்னால் வீட்டை வாங்குகிறவரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது, பத்திரத்திலேயே இருக்கிறதே. அந்த வரியை எழுதப் பிள்ளை சம்மதித்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடலாம். தயங்கினால், அந்தத் தயக்கத்தைப் பற்றி மாமி நன்றாக யோசிக்க வேண்டும்.

மனு எழுதத் தெலுங்கு தடை என்றால் நான் எழுதித் தருகிறேன். செவ்வாய், வெள்ளி காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். தனியாக வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் நானே வீட்டுக்கு வருகிறேன். பத்திரத்தின் அசலைக் கொண்டு வர வேண்டாம். அசலை என்னிடம்கூடக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.